ரெண்டு எட்டு வைத்தால் ஒரு விதை

ஊர் உலகத்தில் இருக்கிறவனெல்லாம் வேலை தேடி ஓசூருக்கு வருகிறான். ஒடிசாவிலிருந்து வருகிறான், பீகாரிலிருந்து வருகிறான், தூத்துக்குடியிலிருந்து வருகிறான். பாகலூரில் என் வீட்டு வாசலில் நின்று ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கம்பெனியின் தகரக் கூரையில்தான் போய் விழும். என் மகன் நவீன்குமார் மட்டும் வேலை தேடி ஸ்ரீபெரும்புதூருக்குப் போனான். ஏன் என்று கேட்டால், "அங்கதான்பா எனக்கு லைன் செட் ஆவுது" என்கிறான். என்ன லைனோ. போனவன் அங்கேயே குடித்தனம் வைத்து, ஒரு பெண் குழந்தையையும் பெற்று, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"ஆறே மாசம்" என்று சொல்லித்தான் வெள்ளையம்மா போனாள். மருமகள் பிரியதர்ஷினிக்கு செல்போன் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகனுக்கும் ஷிப்ட். ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியே போகிறார். நடுவில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நியாயம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரு வருடமாகி, அது மூன்றாவது வருடத்தில் கால் வைத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வா என்றா சொல்ல முடியும்.

நீயும் அங்கேயே போய் இருக்க வேண்டியதுதானே என்று கேட்காதவர்கள் இல்லை. போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி, ஒரு ஹால், ஒரு ரூம். ஹாலில் நான் படுத்தால், ஷிப்ட் முடிந்து வருகிற மகன் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவன் தாண்டும்போதெல்லாம் "சாரிப்பா" என்பான். பெற்ற மகன் ஒரு நாளைக்கு நாலு தடவை சாரி சொல்கிற இடத்தில் மனிதன் எத்தனை நாள் இருப்பது. மாட்டைப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் விட்டு வந்திருக்கிறேன், அது வேறு ஆள் கையில் கறக்காது என்று ஒரு காரணம் சொல்லிக் கிளம்பிவிட்டேன். மாடு நஞ்சம்மாவுக்கும் நன்றாகத்தான் கறந்திருந்தது.

தனியாக இருப்பது கஷ்டம் என்றால் சமைக்கத் தெரியாததைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குக் களி கிண்டத் தெரியும். ஆனால் ஒரு ஆளுக்குக் களி கிண்ட வராது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு உருண்டை வந்துவிடும். அந்த இரண்டாவது உருண்டையைத் தினமும் மாட்டுக்கு வைத்தேன். அது தின்றுகொண்டிருக்கும்போது அதோடு கொஞ்ச நேரம் பேசுவேன். என் பெண்டாட்டி இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருப்பார்கள்.

பண்டிகைக்கு எல்லோருமாக வருவார்கள். ஒரு நாள் இருப்பார்கள், சத்திரத்தில் தங்குகிற மாதிரி. வெள்ளையம்மா மட்டும் தனியாக வந்து தங்குவதற்கு இருந்த ஒரே வழி அவரைக்காய்.

எங்கள் பக்கம் அவரை என்றால் சும்மா இல்லை. கேழ்வரகுக்கு நடுவே சால் சாலாகப் போடுவோம். கேழ்வரகு அறுத்த பிறகு நிலம் முழுக்க அதுதான் கொடி வீசும். ஒரு கொடிக்கு ஒரு கட்டில் அகலம் வேண்டும். மார்கழிப் பனியில் காய்க்கும். தோலில் எண்ணெய் ஊறி ஒரு வாசனை வரும், அதற்குக் கன்னடக்காரர்கள் சொகடு என்று தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. காயை நாள் தவறவிட்டால் முற்றிவிடும். பறிக்கக் கூலிக்கு ஆள் கிடையாது, இருந்தவர்கள் எல்லோரும் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். அதனால் வெள்ளையம்மா போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். "அவரை பூத்தா சொல்லுங்க. காய் பறிக்க நான் வரன்."

மருமகளும் ஒத்துக்கொண்டாள். கல்லாவி ஊர்க்காரி, விவசாய வீட்டுப் பெண். அவளுக்கு இது புரியும். சும்மா ஊருக்குப் போகிறேன் என்றால், "அடுத்த மாசம் போலாமே அத்தே" என்பாள். காய் பறிக்கப் போகிறேன் என்றால் மறுபேச்சு இல்லாமல் பறிப்பு எத்தனை நாளோ அத்தனை நாளைக்குத் தானே லீவு போட்டுக் குழந்தையோடு இருப்பாள். காய் இருக்கிற வரைக்கும் வெள்ளையம்மா இங்கே இருக்கலாம். காய் முடிந்தால் பஸ். இதுதான் ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்தது இல்லை, அதுவாக அமைந்தது.

முதல் வருடம் மார்கழியில் வந்தாள். கொடி விட்டு விட்டுக் காய்த்ததால் நிறைய நாள் இருந்தாள். அந்த மாதம் நான் மாட்டோடு பேசவே இல்லை.

அடுத்த வருடம் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனி மதில் எழுப்பினார்கள். மதிலோடு நிறுத்தியிருக்கலாம். பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு, வெள்ளை விளக்குப் போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் எரிய ஆரம்பிக்கும், பொழுது விடிந்தால்தான் அணையும். என் முக்கால் ஏக்கருக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போயிற்று. வீட்டுக்குள் படுத்தால் ஓடு வழியாக வெளிச்சம் இறங்கும். சேவலுக்குக்கூட நேரம் தெரியாமல் கண்ட நேரத்தில் கூவிற்று.

அந்த வருடம் அவரை நன்றாகக் கொடி வீசியது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மார்கழி வந்தது, பூ வரவில்லை. போனில் அவள் கேட்டாள், "பூ வெச்சிருச்சா?" இன்னும் இல்லை என்றேன். தை பிறந்தது, மறுபடியும் கேட்டாள். அப்போதும் இல்லை. "பூவே வெக்கலன்னா நான் வந்து என்ன பண்ண" என்றாள். கேள்வி நியாயமானது. எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு நிலத்துக்குப் போய் ஒரு முழக் கொடியைப் பிடுங்கி மதில் மேல் அடித்தேன்.

வேளாண்மை ஆபீசிலிருந்து மேகலா என்று ஒரு அலுவலர் எங்கள் பக்கம் வருவார். சின்ன வயசு, ஸ்கூட்டியில் வருவார். அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் மருந்துக் கோளாறு, மண் கோளாறு என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவர் செடியைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி விளக்குக் கம்பத்தைப் பார்த்தார்.

"இந்த நாட்டு அவரைக்கு ராத்திரி நீளமானாத்தான் பூ வரும்ங்க. மார்கழியில ஏன் பூக்குதுன்னு நெனைக்கிறீங்க? இந்த லைட்டு எரியறதால அதுக்கு ராத்திரியே வரல. இன்னும் கோடைன்னு நெனைச்சிக்கிட்டு எலைய வுட்டுக்கிட்டே இருக்குது."

"லைட்ட அணைக்கச் சொல்லுங்க மேடம்."

"கேட்டுப் பார்க்கறன். ஆனா செக்யூரிட்டின்னு சொல்லுவாங்க. நீங்க ரகத்த மாத்திப் பாருங்க. புதுசா குத்துச் செடி அவரை இருக்குது. அதுக்குப் பனியும் வேணாம், ராத்திரியும் வேணாம். எந்த மாசம் போட்டாலும் ஆறு ஏழு வாரத்துல பூத்துரும்."

அவர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காது அந்த ஒரு வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. எந்த மாதமும் போடலாம். அப்படியென்றால் எந்த மாதமும் காய்க்கும். வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவள் இரண்டு தடவை வரலாம், மூன்று தடவைகூட வரலாம். விளைச்சல், விலை என்று ரகம் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதற்குத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

அத்திப்பள்ளியில் மூர்த்தி கடையில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் விதை வாங்குவது. எல்லையைத் தாண்டினால் கர்நாடகா, ஆனால் மூர்த்தி தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாயில் பேசுவான். விதையைக் கொடுக்கும்போதே பாடம் எடுத்தான்.

"சென்னப்பா, இது கொடி வுடாது. முழங்கால் ஒசரம், அஷ்டே, அவ்ளோதான். எடம் குடுத்தா அந்த எடத்தப் புடிக்க இதுக்குத் தெரியாது. நெருக்கமாத்தான் போடணும். சாலுக்குச் சால் ஒண்ணரை அடி, செடிக்குச் செடி ஒரு சாண். அதுக்கும் மேல நெருக்கினா எலைதான் மிச்சம், அதையும் பண்ணிடாத."

நெருக்கமாகப் போடு என்று விதைக் கடைக்காரன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள். நெருக்கமாகப் போட்டால்தான் அவனுக்கு இரண்டு பை கூடப் போகும். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் வழக்கமாக வாங்குகிற அளவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. டிராக்டரைக் கூப்பிட்டு, எப்போதும் விடுகிற அகலத்தில் சால் விடச் சொன்னேன். சால் ஓட்ட ஆள் கிடைக்கிறது. பின்னால் நடந்து விதை போடத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் விதை போடுவது எப்போதும் வெள்ளையம்மாதான். கல்யாணமான வருடத்திலிருந்து நான் ஏர் பிடிப்பேன், அவள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு சாலில் நடப்பாள். சாலின் முனையில் மாடு திருப்பும்போதெல்லாம் அவள் நடந்து வருவதைத்தான் பார்ப்பேன். ரெண்டு எட்டு வைப்பாள், ஒரு விதை விழும். ரெண்டு எட்டு வைப்பாள், ஒரு விதை. அளவுகோலெல்லாம் எங்கள் நிலத்துக்கு வந்ததே கிடையாது.

துண்டை இடுப்பில் மடி மாதிரிக் கட்டி, விதையைக் கொட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் சாலில் என் இஷ்டத்துக்கு நடந்தேன், தாறுமாறாக விழுந்தது. நின்று யோசித்தேன். பிறகு அவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தேன். அவள் எட்டு என்னுடையதைவிடச் சிறியது. காலைக் குறுக்கி வைத்தேன். ரெண்டு எட்டு, ஒரு விதை. கொஞ்ச தூரம் போனதும் கால் தானாகவே அந்த நடைக்கு வந்துவிட்டது. அவள் முன்னால் போகிற மாதிரியே இருந்தது. மூர்த்தி சொன்ன சாணும் அடியும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

விதை முளைத்தது. மேகலா சொன்னபடியே விளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் ஆறாவது வாரம் கடந்ததும் பூத்தது. கொடி அவரை போல இலைக்குள் ஒளிந்துகொள்ளாமல் உச்சியில் நிமிர்த்திப் பூத்தது. நான் உடனே போன் போட்டேன்.

"பூ வெச்சிருச்சு."

"புரட்டாசியிலயா?"

"இது புது ரகம். ராத்திரி பகல் பாக்காது."

"நல்லா வெச்சிருக்குதா?"

"எல்லாச் செடியிலயும் வெச்சிருக்குது." அதில் பொய் எதுவும் இல்லை. இருந்த செடி எல்லாவற்றிலும் வைத்திருந்தது.

"அப்ப காய் தெறண்டதும் சொல்லுங்க. பறிக்க நாலு நாள் ஆவுமா?"

"ஆவும்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். பாகலூர் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பை கனமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். "என்ன இவ்ளோ கனம்?" என்றேன். "நாலு நாளைக்குத் துணி வேணாமா" என்றாள். நடக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. அங்கே மாடி ஏறி இறங்கியே முட்டி வலி வந்துவிட்டது என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்தேன். கம்பெனி விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. எங்கள் இரண்டு நிழலும் முன்னால் நீளமாகப் போயின.

முந்தின நாளே கொஞ்சம் காய் பறித்து, உரித்து, கொட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். பிதுக்குப் பருப்புக்கு. ஊறிய கொட்டையை விரலால் பிதுக்கினால் தோல் தனியாக வந்து பருப்பு தெறிக்கும். தனி ஆள் செய்கிற வேலை இல்லை அது, பொழுது போகாது. இரண்டு பேரும் ஒரு தட்டுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து பிதுக்கினோம். அவள் விரலை முகர்ந்து பார்த்தாள்.

"வாசனையே இல்லியே."

"இதுக்குக் கொஞ்சம் கம்மி."

"போவட்டும். காய் இருந்தாப் போதும்" என்றாள். அன்றைக்குக் களி இரண்டு உருண்டையும் சரியாகச் செலவானது. மாடு எட்டி எட்டிப் பார்த்தது.

ஞாயிறு காலையில் கூடையோடு நிலத்துக்குப் போனோம். வரப்பில் ஏறி நின்றவள் அப்படியே நின்றாள். நான் தினமும் பார்க்கிறவன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் கண் வழியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முழங்கால் உயரச் செடி ஒன்று. அதற்கு அப்பால் வெறும் மண். அப்புறம் ஒரு செடி. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் நிற்கிற மாதிரி, ஒன்றை ஒன்று தொடாமல் நின்றிருந்தன. ஒவ்வொரு செடியும் நன்றாகத்தான் காய்த்திருந்தது. செடிதான் இல்லை.

"யாரு வெத போட்டது?"

"நான்தான்."

"ஏன் இப்டி எட்டி எட்டிப் போட்டீங்க? கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னான்."

"அப்பறம்?"

"நீ எப்டி போடுவியோ அப்டி போட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. குனிந்து முதல் செடியில் கை வைத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது கொடி அவரைக்குப் போடற நடை. படர்றதுக்கு எடம் வேணும்னு அப்டி போட்டது. இது படராதுங்க."

பறித்தோம். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பறித்தேன். ஒரு செடியில் பறித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு தடவை வீட்டுக்குப் போய் வந்தேன். எவ்வளவு மெதுவாகப் பறித்தாலும் அடுத்த செடிக்குப் போவதற்குள் மண்தான் இருந்தது. உச்சி வெயிலுக்கு முன்னாலேயே கடைசிச் சாலின் முனைக்கு வந்துவிட்டோம். இந்த ரகம் ஒரே மூச்சில் காய்க்கிறது. மிச்சம் இருந்த பிஞ்சை ஒரு ஆள் ஒரு சாயங்காலத்தில் பறித்துவிடலாம்.

வரப்பில் உட்கார்ந்திருந்தபோது மகன் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எவ்ளோம்மா முடிஞ்சுது?"

இங்கே வெள்ளையம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, அவர்கள் கேட்காமலேயே, "பையனுக்கு ரெண்டு பேப்பர் அரியர் இருக்குது, எங்க வூட்டுக்காரருக்குக் கோவம் ஜாஸ்தி" என்று சொன்னவள். அதைக் கேட்டுச் சிரித்த பெண்தான் பிரியதர்ஷினி. அதனால் நான் அவளுக்கு எதிரே கையை ஆட்டினேன். கொஞ்சம்தான் முடிந்தது என்று சொல், பாதி என்று சொல், ஏதாவது சொல். அவள் என் கையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுடா" என்றாள்.

"எல்லாமா? அப்ப இன்னைக்கே கெளம்பி வந்துரும்மா. பிரியாவுக்கு நாளையிலிருந்து லீவு மிச்சமாவும்."

"சரிடா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி என்றவள் மேல் கோபம், வரச் சொன்னவன் மேல் கோபம், விளக்குப் போட்டவன் மேல் கோபம். எல்லாவற்றையும் கூடையின் மேல் காட்டினேன். கூடை கவிழ்ந்து காய் வரப்பில் கொட்டியது. அவள் குனிந்து அள்ளிப் போட்டாள். நானும் குனிந்து அள்ளினேன். வேறு என்ன செய்வது.

வீட்டுக்கு வந்தோம். திறக்காத பையை அப்படியே எடுத்து வெளியே வைத்தாள். நாலு நாளைக்கான சேலையும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. கிளம்பும் முன் கொல்லைப் பக்கம் போனாள். அங்கே போன வருடத்துத் துவரை மார் கட்டிச் சாத்தியிருந்தேன், அடுப்புக்கு. அதிலிருந்து ஒரு குச்சியை உருவினாள். கையை விரித்துச் சாண் பிடித்து, சரியாக அந்த இடத்தில் ஒடித்து என்னிடம் கொடுத்தாள்.

"அடுத்த தடவ நடந்து போடாதீங்க. இந்தக் குச்சிய வெச்சி வெச்சிப் போடுங்க. சாலும் நெருக்கி வுடச் சொல்லுங்க."

"எப்ப போடட்டும்?"

"எந்த மாசமும் வரும்னு சொன்னீங்களே."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் வெளியே வைத்த பையை எடுத்துக்கொண்டாள். மார்கழி என்றால் மார்கழி. ஊருக்கே தெரியும், மருமகளுக்கும் தெரியும், அதில் பேச்சு இல்லை. எந்த மாதமும் என்றால் எந்த மாதத்தைச் சொல்லி மருமகளிடம் கேட்பது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது அவளுக்கு. காயில் பாதியைக் கட்டைப் பையில் மடியில் வைத்திருந்தாள். பஸ் திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மூர்த்தியிடம் போய் அவன் சொன்ன அளவு விதையை அப்படியே வாங்கினேன். அவன் ஒரு மாதிரிச் சிரித்தான். சால் நெருக்கி விட்டு, போர் தண்ணீரில் நனைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தேன். குச்சியை மண்ணில் படுக்க வைத்து இந்த முனையில் ஒரு விதை, அந்த முனையில் ஒரு விதை. குச்சியை நகர்த்தி மறுபடியும்.

பாதிச் சாலில் ஒரு யோசனை வந்தது. ஒரு சாணுக்கு ஒரு செடி என்றால் மூன்று நாள் பறிப்பு. அரைச் சாணுக்கு ஒன்று போட்டால் ஆறு நாள் ஆகாதா? குச்சியை எடுத்து முழங்காலில் வைத்துப் பாதியில் ஒடிக்கப் போனேன். மூர்த்தி சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் நெருக்கினால் இலைதான், காய் இல்லை. இலையைப் பறிக்க யாரும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வர மாட்டார்கள். குச்சியின் நடுவில் என் கட்டைவிரல் நகம் பதிந்திருந்தது. மறுபடியும் மண்ணில் முழுசாகப் படுக்க வைத்தேன். முட்டி இரண்டும் தேய, நாள் கணக்கில் அப்படியே போட்டு முடித்தேன். இந்தத் தடவை முன்னால் யாரும் நடக்கவில்லை. என் கையும் குச்சியும் மண்ணும் மட்டும்தான்.

மார்கழியில் அது காய்த்து நின்றது. இலைக்கும் இலைக்கும் நடுவில் மண் தெரியவில்லை. சாலில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. மேகலா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் போட்டோ வேண்டாம். போன் போட்டேன்.

"காச்சிருக்குதா?" என்றாள்.

"காச்சிருக்குது. குச்சி அளவுக்குத்தான் போட்டன்."

"எத்தன நாளு பறிப்பு?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். ஸ்பீக்கர் போட்டிருக்கவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவளிடம் போய் எதற்கு என்று உள்ளதையே சொன்னேன். "நாம ரெண்டு பேரும் பறிச்சா மூணு நாளு. இழுத்துப் புடிச்சா நாலு."

அந்தப் பக்கம் மிக்சி ஓடியது, குழந்தை எதையோ கேட்டு அழுதது. பின்னால் மருமகளின் குரல் கேட்டது. "என்ன அத்தே, காயா? எத்தன நாளைக்கு லீவு சொல்லட்டும்?"

வெள்ளையம்மா அவளுக்குச் சொல்வது கேட்டது.

"பத்து நாளு சொல்லும்மா" என்றாள். "காய் அப்டி புடிச்சிருக்குதாம். ஆளும் கெடைக்கலியாம்."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு நன்றாகவும் வரவில்லை, கேட்காத காரணத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். "வெச்சிடறன்" என்று வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவரைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.